பழைய காரின் ஹீட் மீற்றர் முள் ஏறி இறங்கினால்: மலையகத்தில் கார் வைத்திருப்பவர்களுக்கு

பழைய கார் ஒன்றை வாங்கி மலையேற்றிய எவரையும் கொஞ்ச நாளில் வாட்டும் கேள்வி இது: ஹீட் மீற்றர் முள் ஓரிடத்தில் நிற்க மாட்டேன் என்கிறது, வண்டி நிஜமாகவே சூடாகிறதா, இல்லை மீற்றர்தான் தவறாகக் காட்டுகிறதா?

என் ஒஸ்டின் மினியில் இந்தத் தொல்லை மாதக்கணக்கில் இழுத்தது. கம்பளையில் இருந்து ரம்பொடை வளைவுகளில் ஏறும்போது முள் சிவப்பைத் தொடும். மேலே பனி மூட்டத்தில் ஹெட்லைட்டைப் போட்டால் இன்னும் ஒரு கோடு ஏறும். நுவரெலியா டவுனுக்குள் போய்ச் சேர்ந்ததும் சாதுவாக இறங்கிவிடும். ஒரு கராஜில் ரேடியேட்டர் போய்விட்டது என்றார்கள். இன்னொரு இடத்தில் வாட்டர் பம்ப் என்றார்கள். மூன்றாவது இடத்தில் மீற்றரை மறந்துவிட்டு ஓட்டுங்கள் என்றார்கள். கடைசியில் பார்த்தால் இரண்டு தனித்தனிக் கோளாறுகள் ஒரே முள்ளை ஆட்டிக்கொண்டிருந்தன. ஒன்று ரேடியேட்டர் மூடி. மற்றது மீற்றருக்குப் பின்னால் இருந்த எர்த் வயர், அதாவது மின்சாரம் வண்டியின் பொடி வழியாகப் பற்றரிக்குத் திரும்பிப் போகும் தொடர்பு. இரண்டும் மலிவான சாமான்கள். ரேடியேட்டரோ பம்போ மாற்றியிருந்தால் காசுதான் போயிருக்கும்.

ஆகவே, எதையும் வாங்குவதற்கு முன் கீழே உள்ள வரிசைப்படி பாருங்கள். செலவில்லாத சோதனைகள் முதலில், சாமான் வாங்குவது கடைசியில். ஒரு படியில் கோளாறு அகப்பட்டாலும் அதோடு நிறுத்திவிடாதீர்கள். ஐம்பது அறுபது வயது வண்டியில் ஒரு முள்ளுக்கு இரண்டு மூன்று காரணங்கள் இருப்பது சாதாரணம்.

1. முள் எப்போது ஆடுகிறது என்று எழுதி வையுங்கள்

மீற்றரைப் பார்த்துக்கொண்டே வளைவில் ஓட்டாதீர்கள். பக்கத்தில் ஒருவரை உட்கார வைத்து, ஒரு கொப்பியைக் கொடுங்கள். இடம், நேரம், முள் எங்கே நிற்கிறது, ஹெட்லைட் எரிகிறதா, ஏற்றமா இறக்கமா, பெற்றோல் முள் என்ன காட்டுகிறது. இவ்வளவு போதும். போனில் மீற்றரைப் படம் எடுத்தால் இன்னும் நல்லது.

பாதி விடை அந்தக் கொப்பியிலேயே கிடைத்துவிடும்.

முள் மெதுவாக, பல நிமிடங்கள் எடுத்து ஏறி, மெதுவாக இறங்கினால் பெரும்பாலும் அது உண்மையான சூடு. ஒரு எஞ்சினில் இருக்கும் இரும்பும் தண்ணீரும் சில விநாடிகளில் 20 பாகை ஏறி இறங்காது. முள் திடீரென்று துள்ளினால், பள்ளத்தில் விழுந்து எழும்பும்போது ஆடினால், லைட்டோ வைப்பரோ போட்டவுடன் நகர்ந்தால், அது மின்சாரக் கோளாறு. இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு: தண்ணீர் குறைந்து, எஞ்சினில் சூட்டை அளக்கும் சென்சர் இருக்கும் இடத்தில் காற்றும் ஆவியும் மாறி மாறி வந்தாலும் முள் துள்ளும். அதனால்தான் அடுத்த படி வயரிங் அல்ல, தண்ணீர்.

2. தண்ணீரும் மூடியும் பெல்ட்டும்

காலையில், முதல் நாள் இரவு முழுக்க நின்ற வண்டியில் மட்டும் ரேடியேட்டர் மூடியைத் திறங்கள். ஓடி வந்த வண்டியில் திறந்தால், உள்ளே அழுத்தத்தில் இருக்கும் தண்ணீர் அந்த நொடியிலேயே கொதித்து முகத்துக்கு அடிக்கும். "கொஞ்சமா திருப்பிக் காத்த விட்டா போதும்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

தண்ணீர் குறைந்திருந்தால் எங்கே போகிறது என்று தேடுங்கள். ஹோஸ் கிளிப் ஓரங்கள், வாட்டர் பம்பின் அடிப்பக்கத் துளை, ஹீட்டர் குழாய், ரேடியேட்டர் தொட்டியின் ஒட்டு ஓரம். காய்ந்த இடத்தில் வெள்ளை அல்லது துரு நிறக் கோடு இருந்தால் அங்கேதான் கசிவு. வெளியே எங்கும் கசிவில்லை, ஆனாலும் தண்ணீர் குறைகிறது என்றால் 8ஆம் படியைக் கட்டாயம் படியுங்கள்.

இனி மூடி. மலையகத்தில் இதை நான் எல்லாவற்றுக்கும் மேலே வைப்பேன். கடல் மட்டத்தில் தண்ணீர் 100 பாகை செல்சியஸில் கொதிக்கிறது. ஏறத்தாழ ஒவ்வொரு 300 மீற்றர் உயரத்துக்கும் ஒரு பாகை குறையும். கண்டியில் சுமார் 98, ஹட்டன், பண்டாரவளைப் பக்கம் சுமார் 96, 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவில் சுமார் 94. கொழும்பில் ஓடும் காருக்கும் உங்கள் காருக்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

எஞ்சின் சூடேறும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் தடுக்கும் வால்வுதான் தெர்மோஸ்டட். பெரும்பாலான பழைய கார்களில் அது 82 பாகை அளவில் திறக்கத் தொடங்கும். மூடி அழுத்தத்தைப் பிடிக்காவிட்டால், நுவரெலியாவில் அந்த 82க்கும் கொதிநிலைக்கும் நடுவில் வெறும் 12 பாகைதான் மிச்சம். ஒரு நீண்ட ஏற்றத்தில் அது போய்விடும். 7 பி.எஸ்.ஐ. (அழுத்தத்தின் அளவு) மூடி சரியாக வேலை செய்தால் கொதிநிலையை 12 பாகை அளவில் உயர்த்தித் தரும். அதாவது கையிருப்பு இரட்டிப்பாகும்.

மூடியைக் கையில் எடுத்து அடியில் உள்ள இறப்பரைப் பாருங்கள். வெடிப்பு, கடினம், நடுவில் ஆழமான வட்டத் தழும்பு இருந்தால் அது போய்விட்டது. ஸ்பிரிங்கை விரலால் அழுத்தினால் எதிர்க்க வேண்டும். நடுவில் இருக்கும் சிறிய வால்வை நகத்தால் இழுத்தால் திறந்து, விட்டதும் மூட வேண்டும். ரேடியேட்டர் கழுத்தில் இறப்பர் உட்காரும் வளையத்தையும் விரலால் தடவுங்கள். அங்கே பள்ளம் இருந்தால் புது மூடியும் பிடிக்காது.

புதிதாக வாங்கும்போது மூடியில் அச்சடித்த எண்ணைப் பார்த்து வாங்குங்கள். மொரிஸ் மைனர் 1000க்கு 7. உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்று வேர்க்ஷொப் மெனுவலில் இருக்கும். கூட்டினால் நல்லதுதானே என்று 15ஐப் போட்டால், பழைய ரேடியேட்டரின் ஈய ஒட்டும் ஹீட்டர் குழாயும் அதைத் தாங்காது. கழுத்தின் ஆழமும் பொருந்த வேண்டும். ஆழம் கூடிய கழுத்தில் குட்டை மூடியைப் போட்டால், பூட்டினது போல இருக்கும், ஆனால் அடி இறப்பர் வளையத்தைத் தொடவே தொடாது.

பேன் பெல்ட்டை இரண்டு புல்லிகளுக்கு நடுவில் பெருவிரலால் அழுத்துங்கள். அரை அங்குலம் போல உள்ளே போனால் சரி. அதிகம் போனால் ஏற்றத்தில் வழுக்கும்.

இன்னொரு எச்சரிக்கை. வழியில் கொதித்துவிட்டால், வீதியோரப் பீலியில் பிடித்த தண்ணீரை உடனே ஊற்றாதீர்கள். மலைப் பீலித் தண்ணீர் எவ்வளவு குளிர் என்று உங்களுக்கே தெரியும். கொதிக்கிற வார்ப்பிரும்பில் அது பட்டால் எஞ்சினின் மேல்பகுதியான ஹெட் வெடிக்கலாம். எஞ்சினை நிறுத்தி, பொனட்டைத் திறந்துவிட்டு, குறைந்தது முக்கால் மணி நேரம் காத்திருங்கள். அப்புறம் எஞ்சினை ஸ்டார்ட் செய்து ஓடவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். வீட்டுக்கு வந்ததும் அந்த வெறும் தண்ணீரை வடித்துவிட்டுக் கூலன்ட் கலவையை நிரப்புங்கள். வெறும் தண்ணீரில் உள்ளே துரு பிடிக்கும், அந்தத் துருதான் ரேடியேட்டரை அடைக்கும்.

3. உங்கள் மீற்றர் எந்த வகை?

மீற்றருக்குப் பின்னால் கையை விட்டுப் பாருங்கள், அல்லது எஞ்சின் பக்கம் இருந்து தேடி வாருங்கள்.

மீற்றரில் இருந்து எஞ்சின் வரைக்கும் ஒரு மெல்லிய செப்புக் குழாய் போனால் அது குழாய் மீற்றர். குழாயின் நுனியில் உள்ள குமிழில் எளிதில் ஆவியாகும் திரவம் இருக்கும். சூட்டில் அது உண்டாக்கும் அழுத்தம்தான் முள்ளைத் தள்ளுகிறது. இதற்கு பற்றரியும் வேண்டாம், எர்த்தும் வேண்டாம். ஹெட்லைட்டுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. குழாய் ஒடிந்தால் முள் குளிர்ப் பக்கம் போய்ப் படுத்துவிடும், திரும்ப எழும்பாது. ஆகவே குழாய் மீற்றர் மெதுவாக ஏறி இறங்குகிறது என்றால் அதை நம்புங்கள். 4, 5, 6ஆம் படிகளை விட்டுவிட்டு 7க்குப் போகலாம். குமிழைக் கழற்ற நேர்ந்தால் நட்டை மட்டும் திருப்புங்கள், குழாய் கூடச் சுழலக் கூடாது. முறுக்கி ஒடித்துவிட்டால் சாதாரண கராஜில் சரி செய்ய முடியாது.

ஒற்றை வயர் மட்டும் வந்து ஒரு பித்தளைச் சென்சரில் செருகப்பட்டிருந்தால் அது மின்சார மீற்றர். சாவியைப் போட்டதும் முள் மெதுவாக, சில விநாடிகள் எடுத்து எழும்பினால், உள்ளே சூடேறி வளையும் தகடு இருக்கிறது. இந்த வகைக்குப் பின்னால் பெரும்பாலும், மீற்றருக்குப் போகும் மின்சாரத்தை ஒரே அளவில் வைக்கும் 10 வோல்ட் ஸ்டெபிலைசர் ஒன்று இருக்கும். சாவியைப் போட்டவுடன் முள் துள்ளி நின்றால் அது வேறு வகை, ஸ்டெபிலைசர் இருக்காது.

மலையகத்தில் ஓடும் பல பழைய கார்களில் எஞ்சின் மாற்றப்பட்டிருக்கும். நிசான் எஞ்சின் போட்ட மொரிஸ் மைனர், ஜப்பான் டீசல் எஞ்சின் போட்ட லேண்ட் ரோவர் எல்லாம் தினமும் கண்ணில் படும். அப்படியானால் சென்சர் ஒரு கம்பனி, மீற்றர் இன்னொரு கம்பனி. இரண்டும் நல்ல நிலையில் இருந்தாலும் முள் தவறாகத்தான் காட்டும். ஆனால் அந்தத் தவறு எப்போதும் ஒரே அளவில் இருக்கும், ஆட்டம் இருக்காது. எஞ்சினுக்கு ஏற்ற சென்சரையும் அதன் ஜோடி மீற்றரையும் சேர்த்துப் போடுவதுதான் சுத்தமான வழி.

4. பெற்றோல் முள்ளையும் சேர்த்துப் பாருங்கள்

இது ஐந்து நிமிடச் சோதனை. மின்சாரம் தெரியாதவர்களும் செய்யலாம்.

ஸ்டெபிலைசர் இருக்கும் வண்டிகளில் ஹீட் மீற்றருக்கும் பெற்றோல் மீற்றருக்கும் அதே ஒன்றுதான் மின்சாரம் கொடுக்கிறது. ஆகவே:

இரண்டு முள்ளும் சேர்ந்து அளவுக்கு மேலே காட்டினால், ஸ்டெபிலைசர் ஒட்டிக்கொண்டு முழு 12 வோல்ட்டையும் விடுகிறது, அல்லது அதன் எர்த் போய்விட்டது. இரண்டும் சேர்ந்து கீழே கிடந்தால், அதற்கு மின்சாரம் வரவில்லை அல்லது அது செத்துவிட்டது. ஹீட் முள் மட்டும் ஆடி, பெற்றோல் முள் ஒழுங்காக இருந்தால், ஸ்டெபிலைசரை விட்டுவிடுங்கள். கோளாறு சென்சரிலோ அந்த வயரிலோ மீற்றரிலோ இருக்கிறது, அல்லது சூடு உண்மை.

பழைய ஸ்டெபிலைசர் ஒரு சிறிய தகரப் பெட்டி. மீற்றருக்குப் பின்னால் ஒரு ஸ்குரூவில் பிடித்திருக்கும். உள்ளே ஒரு தகடு சூடாகி விலகும், ஆறித் தொடும், மறுபடி விலகும். இந்த விட்டு விட்டு வரும் மின்சாரத்தின் சராசரிதான் 10 வோல்ட். டிஜிட்டல் மல்டிமீற்றரை வைத்தால் எண் 0க்கும் 12க்கும் இடையில் ஓடும். அதைப் பார்த்து அது பழுது என்று முடிவு கட்டாதீர்கள், அது வேலை செய்கிற அடையாளம் அதுதான். அந்த இடத்தில் ஒரு சிறிய டாஷ் பல்பை மாட்டினால் மினுக்கி மினுக்கி எரியும். விடாமல் எரிந்தால்தான் கோளாறு.

இந்தப் பெட்டியை அதன் முன்பு இருந்த நிலையிலேயே, நிமிர்த்திப் பூட்ட வேண்டும். கிடத்திப் பூட்டினால் அளவு மாறும். இப்போது கிடைக்கும் எலெக்ட்ரோனிக் வகையில் அந்தத் தொல்லை இல்லை, ஆனால் வாங்கும் முன் உங்கள் வண்டி நெகட்டிவ் எர்த்தா பொசிட்டிவ் எர்த்தா என்று பாருங்கள். 1960களின் பிற்பகுதிக்கு முந்திய பல பிரிட்டிஷ் கார்கள் பொசிட்டிவ் எர்த். பற்றரியின் எந்த முனை பொடியில் பூட்டியிருக்கிறது என்று கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். சில வண்டிகளில் இடையில் யாராவது மாற்றியிருப்பார்கள், ஆகவே புத்தகத்தை மட்டும் நம்ப வேண்டாம்.

ஒரு குறுக்கு வழியைப் பலர் செய்வார்கள்: ஸ்டெபிலைசரைக் கழற்றிவிட்டு இரண்டு வயரையும் ஒன்றாகக் கட்டிவிடுவது. அப்புறம் முள் எஞ்சின் வேகத்துக்கு ஏற்ப ஆடும். ஐட்லிங்கில் டைனமோ குறைவாகக் கொடுக்கும்போது இறங்கும், வேகம் கூட்டினால் ஏறும். பழைய சொந்தக்காரர் இப்படிச் செய்திருக்கிறாரா என்று டாஷுக்குப் பின்னால் எட்டிப் பாருங்கள்.

5. எர்த்

மலையகத்தின் ஈரத்தில் பழைய கார்களுக்கு இதுதான் பெரிய எதிரி. ஆறு மாதம் மழையும் பனியும் குடித்த ஸ்குரூ ஒன்று வெளியே பளபளப்பாக இருக்கும், அடியில் பச்சையாகப் பூத்திருக்கும்.

இருட்டில் வண்டியை நிறுத்தி, எஞ்சின் ஓட, முள் ஒரு இடத்தில் நின்றதும் ஹெட்லைட், வைப்பர், ஹோர்ன் என்று ஒவ்வொன்றாகப் போடுங்கள். எதையாவது போட்டதும் முள் நகர்ந்தால், அந்த மின்சாரம் திரும்பிப் போகச் சரியான வழியில்லாமல் மீற்றர் எர்த்தைக் குழப்புகிறது. ரம்பொடைப் பனியில் என் முள் ஒரு கோடு கூடுதலாக ஏறியதற்குக் காரணம் இதுதான். சூடு அங்கே துளியும் கூடவில்லை.

பார்க்க வேண்டிய இடங்கள் மூன்று. பற்றரியில் இருந்து பொடிக்குப் போகும் வயர். எஞ்சினையும் பொடியையும் இணைக்கும் பின்னல் பட்டை. மீற்றருக்குப் பின்னால் உள்ள கறுப்பு வயரும் ஸ்டெபிலைசரின் ஸ்குரூவும். ஒவ்வொன்றையும் கழற்றி, உப்புத்தாளால் உலோகம் தெரியத் தேய்த்து, கொஞ்சம் வஸ்லின் தடவி இறுக்குங்கள். முன்னதாக பற்றரியின் எர்த் வயரைக் கழற்றிவிடுங்கள்.

சென்சருக்குத் தனி எர்த் வயர் கிடையாது, அதன் மரைதான் எர்த். கசிவை நிறுத்த வெள்ளை டேப்பைச் சுற்றோ சுற்றென்று சுற்றிப் பூட்டியிருந்தால் தொடர்பு விட்டு விட்டுத்தான் வரும்.

6. சென்சர் வயரைக் கழற்றி, அப்புறம் கேத்தலில்

சாவியைப் போட்டு, எஞ்சினை ஓடவிடாமல், சென்சரில் இருந்து வயரைக் கழற்றுங்கள். முள் குளிர்ப் பக்கம் போய் நிற்க வேண்டும். இப்போது அந்த வயரின் நுனியை எஞ்சினின் சுத்தமான உலோகத்தில் சில விநாடிகள் மட்டும் தொடுங்கள். முள் சூட்டுப் பக்கம் போக வேண்டும். பாதிக்கு மேல் எழும்பியதும் எடுத்துவிடுங்கள், நீண்ட நேரம் வைத்தால் மீற்றர் உள்ளே கருகும். இரண்டும் நடந்தால் மீற்றரும் வயரும் நல்லவை, சந்தேகம் சென்சர் மேல்.

வயரைப் பிடித்து டாஷ் வரைக்கும் லேசாக அசைத்துக்கொண்டே போங்கள், இன்னொருவர் முள்ளைப் பார்க்கட்டும். சூடான எக்ஸோஸ்ட் பக்கம் உரசும் இடத்தில் உறை உருகி, குலுங்கும்போதெல்லாம் வயர் இரும்பைத் தொடும். அப்போது முள் சிவப்புக்குப் பாயும்.

சென்சரைச் சோதிக்க, குளிர்ந்த எஞ்சினில் கொஞ்சம் தண்ணீரை வடித்துவிட்டுக் கழற்றுங்கள். அதன் உடலை மட்டும் தண்ணீரில் தொங்கவிட்டு, வயர் முனையை நனைக்காமல், மல்டிமீற்றரை ஓம் அளவில் வைத்து ஒரு முனையை உடலிலும் மற்றதை வயர் முனையிலும் பிடியுங்கள். தண்ணீரைச் சூடாக்கச் சூடாக்க, பல நூறு ஓமில் இருந்து சில பத்து ஓம் வரைக்கும் எண் சீராக இறங்கி வர வேண்டும். இடையில் துள்ளினாலோ அறுந்தாலோ சென்சர் போய்விட்டது. தண்ணீர் எவ்வளவு கொதித்தாலும் நுவரெலியாவில் 94ஐத் தாண்டாது என்பதை மறக்காதீர்கள். புத்தகத்தில் 100 பாகைக்குக் கொடுத்திருக்கும் எண் அங்கே வராது, அது கோளாறு இல்லை. இனிமேல் சமையலுக்குப் பயன்படுத்தாத ஒரு பழைய கேத்தலை எடுத்துக்கொள்ளுங்கள், கூலன்ட் நஞ்சு.

7. தெர்மோஸ்டட்

"இந்தக் குளிர் ஊருக்கு எதுக்குங்க தெர்மோஸ்டட்?" என்று கராஜில் கேட்பார்கள். கழற்றி எறிந்த வண்டிகள் ஏராளம். குளிர் ஊருக்குத்தான் அது கட்டாயம் வேண்டும். அது இல்லாத எஞ்சின் காலையில் சூடேறவே நேரம் எடுக்கும், சோக்கை இழுத்தபடி ஓட வேண்டிவரும், பெற்றோல் கூடுதலாகக் குடிக்கும், சிலிண்டர் தேயும். மீற்றரில் இதன் அடையாளம் தெளிவு: ஏற்றத்தில் நடுவுக்கு வரும் முள், நானுஓயாவில் இருந்தோ அப்புத்தளையில் இருந்தோ கீழே இறங்கும்போது குளிர்ப் பக்கம் சரிந்துவிடும். திறந்தபடி ஒட்டிக்கொண்ட தெர்மோஸ்டட்டும் இதையே செய்யும். மூடியபடி ஒட்டினால் எதிர்மாறு: மேல் ஹோஸ் குளிர்ந்தே கிடக்கும், முள் நிற்காமல் ஏறும். அந்த நிலையில் ஓட்டவே கூடாது.

சோதனை கேத்தலில்தான். நூலில் கட்டித் தொங்கவிட்டு, கூடவே ஒரு தெர்மோமீற்றரையும் போடுங்கள். அதில் அச்சடித்த எண், அநேகமாக 82, வந்ததும் திறக்கத் தொடங்க வேண்டும். முழுமையாகத் திறக்க இன்னும் பத்துப் பன்னிரண்டு பாகை தேவைப்படலாம். ஆகவே மேல் மலையில், கேத்தல் கொதிக்கும்போதும் கொஞ்சம் பாக்கி இருப்பது போலத் தெரிந்தால் உடனே தூக்கி எறியாதீர்கள். 88 என்று அச்சடித்தது உங்கள் வண்டியில் இருந்தால் 82க்கு மாற்றுங்கள், நம் உயரத்தில் 88 கொதிநிலைக்கு மிகவும் கிட்ட.

பூட்டிய பின் காற்றை வெளியேற்றுங்கள். மூக்கைச் சற்று மேட்டில் நிறுத்தி, ஹீட்டர் வால்வைத் திறந்துவிட்டு, மூடியில்லாமல் எஞ்சினை ஓடவிட்டு, குமிழி வருவது நிற்கும்வரை நிரப்புங்கள். அடுத்த நாள் காலையில் மீண்டும் பார்த்து நிரப்புங்கள். காற்று நின்றுவிட்டால் முள் மறுபடி துள்ளும்.

8. முள் சொல்வது உண்மை என்றால்

இன்ஃப்ராரெட் தெர்மோமீற்றர் ஒன்றைக் கடன் வாங்கியாவது தெர்மோஸ்டட்டை மூடியிருக்கும் உலோகக் கூட்டைச் சுடச்சுட அளந்து பாருங்கள். பளபளக்கும் அலுமினியத்தில் அது குறைவாகக் காட்டும். ஒரு துண்டுக் கறுப்பு டேப்பை ஒட்டி, அதன் மேல் அளந்தால் நம்பலாம். மீற்றரும் இதுவும் ஒத்துப்போனால் வண்டி உண்மையாகவே சூடாகிறது.

ரேடியேட்டர் முகத்தைக் கையால் தடவிப் பாருங்கள், எஞ்சினை நிறுத்தி, பேன் நின்ற பிறகு. நடுவில் குளிர்ந்த திட்டுகள் இருந்தால் அந்தக் குழாய்கள் அடைபட்டிருக்கின்றன. காலையில் குளிர்ந்த எஞ்சினை மூடியில்லாமல் ஸ்டார்ட் செய்ததும் விடாமல் குமிழி வந்தால், எஞ்சின் ஓயிலில் பால் கலந்தது போலத் தெரிந்தால், புகைக்குழாயில் இனிப்பு வாசனையோடு வெள்ளை ஆவி நிற்காமல் வந்தால், ஹெட்டுக்கு அடியில் இருக்கும் ஹெட் கேஸ்கெட் போய்விட்டது. குளிர் காலையில் கொஞ்ச நேரம் வரும் ஆவி எல்லா வண்டிக்கும் உண்டு, அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

கடைசியாக ஒன்று. சூடாக இருந்த முள் ஏற்றத்தில் திடீரென்று குளிருக்கு விழுந்தால் நிம்மதி அடையாதீர்கள். தண்ணீர் முழுக்கப் போய், சென்சர் வெறும் காற்றில் நிற்கலாம். உடனே ஓரம் கட்டி எஞ்சினை நிறுத்துங்கள்.

9. பத்திரங்கள், செலவு, நேரம்

முதலில் சேர்க்க வேண்டியது உங்கள் மொடலுக்கும் ஆண்டுக்கும் உரிய வேர்க்ஷொப் மெனுவலும் வயரிங் படமும். வயர் நிறங்கள் அதில் இருக்கும். பழைய சென்சர், தெர்மோஸ்டட், மூடி ஆகியவற்றில் பதித்த எண்களைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கடையில் "மினிக்கு ஹீட் சென்சர்" என்று கேட்டால் கையில் கிடைத்ததைக் கொடுப்பார்கள். எண்ணையும் மரை அளவையும் காட்டினால் சரியானது வரும்.

எஞ்சின் மாற்றிய வண்டியானால், பதிவுப் புத்தகத்தில் உள்ள எஞ்சின் இலக்கமும் வண்டியில் உள்ளதும் ஒன்றா என்று வாங்குவதற்கு முன்பே பாருங்கள். வேறாக இருந்தால் முதலில் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் அதைச் சரி செய்யச் சொல்லுங்கள். மீற்றர் வேலை அதற்குப் பிறகு.

வருடாந்த வாகன வருமான அனுமதிப்பத்திரத்துக்குப் புகைப் பரிசோதனைச் சான்றிதழும் காப்புறுதியும் வேண்டும். எஞ்சின் சரியான சூட்டுக்கு வராவிட்டால் காபனோரொட்சைட்டும் எரியாத பெற்றோலும் கூடுதலாகக் காட்டும். தெர்மோஸ்டட் இல்லாத வண்டியைக் குளிர் காலையில் கொண்டுபோய்த் தோற்றுத் திரும்புபவர்கள் இருக்கிறார்கள். ஆகவே இந்த வேலைகளை அனுமதிப்பத்திரம் முடிய ஒரு மாதத்துக்கு முன்பாவது முடியுங்கள். பரிசோதனைக்குப் போகும் நாளில் வண்டியை நன்றாக ஓட்டிச் சூடாக்கிக்கொண்டு உள்ளே போங்கள்.

செலவில், எர்த் சுத்தம் செய்ய உப்புத்தாள் விலைதான். சாதாரண மல்டிமீற்றர் 2,000 ரூபாவுக்குள் கிடைக்கும், அது இல்லாமல் தொடங்க வேண்டாம். மூடி, தெர்மோஸ்டட், சென்சர், ஸ்டெபிலைசர் எல்லாம் அதற்கு அடுத்த படி. ரேடியேட்டரைப் பிரித்துக் கம்பி விட்டுச் சுத்தம் செய்வது அதற்கும் மேலே. ஹெட் இறக்கி, லேத்தில் கொடுத்து மட்டமாக்கி, கேஸ்கெட் போட்டுப் பூட்டுவது எல்லாவற்றிலும் பெரியது. அந்தப் பேச்சு வந்தால் 2இல் இருந்து 8 வரையிலான படிகளின் விடைகளைக் கொப்பியில் காட்டிவிட்டு அப்புறம் சம்மதியுங்கள்.

நேரத்தில், 1 முதல் 5 வரை ஒரு சனி, ஞாயிறில் முடியும். சென்சருக்கும் தெர்மோஸ்டட்டுக்கும் இன்னொரு அரை நாள், எஞ்சின் ஆறும் நேரம் தனி. சாமான் தேடுவதுதான் இழுக்கும். கண்டியில் கேட்டுப் பாருங்கள், இல்லாவிட்டால் கொழும்பு பஞ்சிகாவத்தை. தெரிந்த கடையானால் போனில் படத்தை அனுப்பி, பஸ்ஸில் பார்சலாக எடுக்கலாம். இங்கிலாந்தில் இருந்து தருவிப்பதானால் வாரக்கணக்கு, சுங்க வரியும் சேரும். இரண்டு மூன்று சாமானைச் சேர்த்து எடுங்கள்.

புதிய சென்சரைப் பூட்டிய பின், பழையதை எறியாமல் டாஷ் பெட்டியில் வையுங்கள். பழக்கமான ஒரு ஏற்றத்தில் ஏறி இறங்கி, லைட் போட்டும் போடாமலும் பாருங்கள். முள் எங்கே நின்றதோ அங்கே மீற்றர் கண்ணாடியில் மெல்லிய பேனாவால் ஒரு புள்ளி வையுங்கள், டேப்பின் மேல் அளந்த பாகையையும் கொப்பியில் எழுதிவிடுங்கள். இனி முள் அந்தப் புள்ளியைத் தாண்டினால் முதலில் நிறுத்துங்கள், ஆறியதும் 2ஆம் படியில் இருந்து தொடங்குங்கள்.